எம்போரியாவில் காற்றும் டிஸ்க்கும்: பயண நாட்குறிப்பு

வெள்ளி இரவு

கான்சாஸ் சிட்டியிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஊரான எம்போரியா வரை ஏறத்தாழ இரண்டு மணி நேர ஓட்டம். ஐ-35 நெடுஞ்சாலை தென்மேற்காகப் போகிறது, காற்று தெற்கிலிருந்து வருகிறது. வழி நெடுகிலும் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தே பிடிக்க வேண்டியிருந்தது. விடுதி வாசலில் வண்டி நின்றதும் அண்ணன் சொன்னது: "கதவை ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொற தம்பி. இல்லேன்னா கீலோட போயிடும்."

அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை. டிஸ்க் கோல்ஃபில் எனக்கு மூத்தவர், அந்த உரிமையில் அண்ணன். ஏப்ரலில் போகலாம் என்று நாள் குறித்ததும் அவர்தான். கான்சாஸ் சமவெளியில் காற்று வெறி பிடித்து அடிப்பது வசந்தகாலத்தில். அமைதியான மாதம் ஒன்றைப் பார்த்திருக்கலாமே என்றேன். "காத்து இல்லாம ஆடறதுக்கு எம்போரியா எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோல்ஃபில் பந்தும் குழியும் இருக்கும் இடத்தில் இங்கே டிஸ்க் என்னும் பிளாஸ்டிக் வட்டும் இரும்புக் கூடையும். கம்பத்தில் கூடை, கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகள். டீயில், அதாவது எறியத் தொடங்கும் இடத்தில், நின்று எறிந்து, டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, குறைந்த எறிகளில் கூடைக்குள் போட வேண்டும். சங்கிலிக் கூடைக்கு 1970களில் காப்புரிமை வாங்கியவர் எட் ஹெட்ரிக். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை 1976-ல் தொடங்கியவரும் அவர்தான். 2002-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். எதையும் பாதியில் விடாத மனிதர்.

25,000 பேர்கூட இல்லாத இந்த ஊரில் இரண்டு முறை உலக சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது, 2016-லும் 2022-லும். 2005-ல் தொடங்கிய டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்துக்கும் இதுதான் ஊர்.

இரவில் கட்டில் மேல் டிஸ்க்குகளைப் பரப்பிப் பிரித்தோம். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு நான்கு எண்கள் உண்டு: வேகம், மிதப்பு, பறக்கும்போது வலப்பக்கம் திரும்பும் அளவு, கடைசியில் இடப்பக்கம் விழும் அளவு. இன்னோவாவின் ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. அதாவது வலப்பக்கம் திரும்பவே திரும்பாது, கடைசியில் இடப்பக்கம் ஓங்கி விழும். அதே நிறுவனத்தின் லெப்பர்ட் 6, 5, -2, 1. இது சொன்ன பேச்சு கேட்கும் சாது. இந்த எண்களெல்லாம் காற்றில்லாத நாளுக்கான கணக்கு. வெளியே ஜன்னல் சட்டம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் லெப்பர்டை எடுத்துப் பைக்கு வெளியே வைத்தார். நான் எடுத்து உள்ளே வைத்தேன். அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

சனி

ஜோன்ஸ் பார்க். திறந்த வெளி, ஆங்காங்கே மரங்கள், ஆட்டத்தடத்துக்கு இருபுறமும் போன வருஷத்துக் காய்ந்த புல். 2022 உலகப் போட்டியில் சில சுற்றுகள் இங்கேதான் நடந்தன. அந்த வருஷம் ஆண்கள் பிரிவில் பால் மெக்பெத்தும் ஏரன் காசேஜும் கடைசிச் சுற்று முடிந்தும் சமமாக நிற்க, கூடுதல் ஆட்டத்தில் மெக்பெத் ஜெயித்து ஆறாவது உலகப் பட்டத்தை எடுத்தார். பெண்கள் பட்டம் எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டட்டாருக்கு.

காலையில் தொலைபேசி காட்டிய கணக்கு மணிக்கு 40 கி.மீ., இடையிடையே வீச்சு 60 வரை. முதல் டீயே தெற்கு நோக்கி. நேர் எதிர்காற்று.

எங்களுக்கு முன்னால் போன குழுவில் ஒரு பையன். நல்ல தோள், நல்ல ஓட்டம், முழு பலத்தையும் போட்டு எறிந்தான். டிஸ்க் கையை விட்டதும் நேராகத்தான் போனது. முப்பது மீட்டர் தாண்டியதும் வலப்பக்க விளிம்பு தாழ்ந்தது. பிறகு அப்படியே செங்குத்தாகக் கவிழ்ந்து, தரையில் விளிம்பு குத்தி, வலப்பக்கப் புல்லுக்குள் உருண்டு போய்விட்டது. அவன் இன்னொன்றை எடுத்து இன்னும் பலமாக எறிந்தான். அது இன்னும் சீக்கிரம் கவிழ்ந்தது.

இதற்குக் காரணம் எளிது. டிஸ்க்குக்குத் தரை தெரியாது, தன்னைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் மட்டுமே தெரியும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எறிந்ததை 40 கி.மீ. எதிர்காற்று சந்தித்தால், டிஸ்க்கைப் பொறுத்தவரை அது 130 வேகத்தில் பறக்கிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. வலக்கை பேக்ஹேண்ட் எறியில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசும் எறி) டிஸ்க் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். வேகம் கூடும்போது காற்று அதன் மூக்கை, அதாவது முன் விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருள் அழுத்திய இடத்தில் சாயாது, கால் சுற்று தள்ளித்தான் சாயும். அதனால் மூக்கு தாழ்வதற்குப் பதில் வலப்பக்கம் தாழ்கிறது. எதிர்காற்றில் கூடுதல் பலம் போடுவது என்றால் கவிழ்வதற்குக் கூடுதல் வேகம் கொடுப்பது என்று அர்த்தம்.

அண்ணன் ஃபயர்பேர்டை எடுத்தார். ஓட்டம் இல்லை, நின்ற இடத்தில் ஒரு எட்டு. இடது விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கைக் கீழே வைத்து, இடுப்பு உயரத்தில் விட்டார். காற்றில்லாத நாளில் அந்த எறி இடப்பக்கம் வளைந்து குப்பையில் விழுந்திருக்கும். இன்றைக்குக் காற்று அதை நிமிர்த்தி நேராக ஓடவைத்தது. கடைசியில் மட்டும் லேசாக இடப்பக்கம் விழுந்து நின்றது. தூரம் அவருடைய வழக்கத்தில் முக்கால்வாசிதான். அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

தாழ எறிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரையை ஒட்டிக் காற்று மெதுவாக அடிக்கிறது. புல்லும் மண்ணும் அதைப் பிடித்திழுக்கின்றன. உயரம் போகப் போக வேகம் கூடும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறும் எறியும் தலை உயரத்தில் போகும் எறியும் ஒரே நாளில் இரண்டு வேறு காற்றுகளைச் சந்திக்கின்றன.

பக்கக் காற்று வந்த இடங்கள்தான் இன்றைக்கு விருந்து. ஒரு டீயில் காற்று வலமிருந்து இடமாக. வலக்கை பேக்ஹேண்ட் எறி முடியும்போது டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது, அதன் அடிவயிறு வலப்பக்கம் பார்க்கிறது. வலமிருந்து வரும் காற்று அந்த அடிவயிற்றில் வந்து மோதும். இறங்க வேண்டிய டிஸ்க் இறங்காது, இடப்பக்கமாகவே மிதந்து போய்க்கொண்டிருக்கும். காற்று இடமிருந்து வந்தால் கதையே வேறு. அதே சாய்வில் டிஸ்க்கின் முதுகு காற்றைப் பார்க்கிறது, காற்று முதுகில் அடித்துத் தரையோடு அமுக்கிவிடுகிறது. முதுகைக் காட்டினால் அமுக்கும், வயிற்றைக் காட்டினால் அள்ளிக்கொண்டு போகும். எந்த டீயில் நின்றாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

அண்ணன் இந்த டீயில் ஃபோர்ஹேண்டுக்கு, உள்ளங்கை முன்னே பார்க்க எறியும் எறிக்கு, மாறினார். சுழற்சி எதிர்த்திசையில், ஆகவே சாய்வும் எதிர்ப்புறம். டிஸ்க் வலப்பக்கம் விழப் பார்த்தது, வலமிருந்து வந்த காற்று அதன் முதுகில் அடித்து நிறுத்தியது. இரண்டும் மல்லுக்கட்டிக் கூடைக்கருகில் சத்தமில்லாமல் இறங்கியது. எனக்கு ஃபோர்ஹேண்ட் அவ்வளவாக வராது. கூடைப் பக்கத்து எறிகளுக்கான புட்டர் டிஸ்க்கை எடுத்து, நூறு மீட்டருக்கு ஆசைப்படாமல் அறுபது மீட்டரில் போட்டேன்.

மதியம் ஒரு பின்காற்று டீயில் எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. "அப்பாடா, காத்து நம்ம பக்கம்" என்றார் அண்ணன். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. எதிர்காற்றை எல்லோரும் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பின்காற்றுதான் மோசம். அதே 90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. பின்காற்றில் டிஸ்க் உணர்வது 50 மட்டும். தூக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஃபயர்பேர்ட் மாதிரி ஆசாமிகள் எழும்பக்கூட முடியாமல் இடப்பக்கம் திரும்பித் தொப்பென்று விழுவார்கள். லெப்பர்டைப் பைக்குள் வைத்ததற்குக் காரணம் இதுதான். அதை உயரமாக, மூக்கைக் கொஞ்சம் தூக்கி விட்டேன். திரும்பும் குணத்தைக் காற்று அடக்கிவிட, நேராகப் போய் வெகுதூரம் தள்ளி இறங்கியது.

"பாத்தியா, நம்ம பக்கம்தான்" என்றார்.

"டிஸ்க் சரியா இருந்துச்சு, அதான்" என்றேன்.

உடனே அவர் டேவிட் விக்கின்ஸ் ஜூனியரை இழுத்தார். 2016-ல் நெவாடாவின் பிரிம் பாலைவனத்தில் 338 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தவர். பின்காற்று இல்லாமல் அது நடக்குமா என்று கேட்டார். நடக்காதுதான். ஆனால் அங்கே தூரம் மட்டும்தான் கணக்கு, டிஸ்க் எந்தப் புதரில் விழுந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே கடைசியில் ஒரு கூடை இருக்கிறது.

ஞாயிறு

இன்று பெரிதாக எழுத ஒன்றுமில்லை. காலையில் பீட்டர் பான் பார்க். எம்போரியாவின் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட், 1921-ல் குதிரைச் சவாரி விபத்தில் இறந்த தன் மகள் மேரியின் நினைவாக ஊருக்குக் கொடுத்த நிலம். பதினாறு வயதுப் பெண்.

நேற்றைய வெட்டவெளிக்கு இது நேர்மாறு, மரங்கள் நிறைய. மரங்கள் காற்றைத் தடுக்கும் என்று நம்பித்தான் வந்தோம். தடுக்கவும் செய்கின்றன, குழப்பவும் செய்கின்றன. டீயில் புல் அசையவில்லை. கூடையின் தலையில் யாரோ கட்டியிருந்த சிவப்பு நாடா வடக்கே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மரத்தின் உச்சி வேறெங்கோ சாய்ந்தது. இந்த மூன்றில் எதை நம்புவது? அண்ணன் நாடாவை நம்பினார். டிஸ்க் தன் ஆயுளின் கடைசி நொடிகளில், அதாவது மெதுவாகப் போகும்போதுதான், காற்றுக்கு அதிகம் பணிகிறது. அந்தக் கடைசி நொடிகள் கழிவது கூடைப் பக்கத்தில். ஆகவே டீயில் கிள்ளிப் போடும் புல்லைவிடக் கூடை நாடா சொல்வதுதான் சரி. இந்த விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

மதியத்துக்கு மேல் டிஸ்க்கைத் தொடாமல் மேற்கே போய் உயர்புல் சமவெளிக் காப்பகத்தைப் பார்த்தோம். 1996-ல் அமைத்தது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்கப் பரவியிருந்த உயர்புல் வெளியில் இப்போது மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி இந்த ஃப்ளிண்ட் மலைப் பக்கம்தான். சுண்ணாம்புப் பாறையும் அதில் பொதிந்த சிக்கிமுக்கிக் கல்லும் ஏர் முனையை ஒடித்ததால் யாரும் உழவில்லை, புல் பிழைத்தது. வசந்தத்தில் இங்கே புல்லுக்குத் தீ வைத்து எரிப்பார்கள். கரிந்த தரையில் பச்சை முளை விட்டிருந்தது. காற்றைத் தடுக்கக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லை. எம்போரியாவில் ஏன் அப்படி அடிக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

தொப்பி போய்விட்டது. அண்ணனுடையது.

திங்கள்

மறுபடி ஜோன்ஸ் பார்க். வீச்சு நேற்றைவிட அதிகம். இன்றைக்கு எழுத வேண்டியது புட், அதாவது கூடைக்கருகிலிருந்து எறியும் எறி, பற்றி, ஏனென்றால் காற்றில் ஆட்டம் தோற்பது டீயில் இல்லை, கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள்.

டிஸ்க்கின் எடைக்கு விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது: விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம். 21.1 செ.மீ. விட்டமுள்ள ஒன்று ஏறக்குறைய 175 கிராம் வரை போகலாம். அம்மியே பறக்கும் காற்றில் இந்த 175 கிராம் எந்த மூலைக்கு? அதுவும் புட் எறியும்போது வேகம் குறைவு, சுழற்சி குறைவு, காற்றுக்கு முழு சுதந்திரம்.

பத்து மீட்டருக்குள் எறிந்துவிட்டு நிலைகுலையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. டிஸ்க் கிடந்த இடத்தைத் தாண்டிக் கால் வைக்கும் முன் சமநிலையைக் காட்டியாக வேண்டும். 60 கி.மீ. வீச்சில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். அண்ணன் கால்களை அகல விரித்து, முழங்காலை மடக்கி, கபடிக்கு நிற்கிற மாதிரி நின்றார். பார்க்க அழகாயில்லை. ஆனால் அசையவில்லை.

எறிய 30 விநாடி அவகாசம் உண்டு. காற்றில்லாத நாளில் யாரும் அதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. இன்று நான் ஒவ்வொரு விநாடியையும் பயன்படுத்தினேன். கூடைக்குப் பின்னால் காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு வீச்சு வரும்போது புல் வரிசையாகப் படுத்துக்கொண்டே நம்மை நோக்கி வரும். நம்மைக் கடந்த பிறகு சங்கிலிகள் தொய்ந்து நேராகத் தொங்கும், மூன்று நான்கு விநாடி. அதற்குள் எறிந்துவிட வேண்டும். சங்கிலி ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும்போது எறிந்தால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கம்பத்தின் ஒரு பக்கம் சங்கிலியே இல்லாமல் திறந்து கிடக்கும், அந்தப் பக்கம் போன டிஸ்க்கைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

எதிர்காற்றில் புட் மேலே ஏறப் பார்க்கும். அதனால் கூடைத் தட்டின் விளிம்பைக் குறிவைத்து, மூக்கை அமுக்கி, அழுத்தமாக எறிகிறேன். டிஸ்க் தானே ஏறிச் சங்கிலியில் போய் விழுகிறது. பின்காற்றில் இதற்கு நேர்மாறு. சங்கிலிக்கும் மேலே உள்ள வளையத்தைப் பார்த்து எறிந்தாலும், கூடைக்கு ஒரு மீட்டர் முன்னால் தரை இழுத்த மாதிரி கீழே போய்விடுகிறது. அது எவ்வளவு தாழும் என்பதைக் காற்றின் அந்த நொடி மனநிலைதான் தீர்மானிக்கிறது. எதிர்காற்று என்ன செய்யப்போகிறது என்பதாவது தெரியும்.

அண்ணனுக்கு இன்னும் சம்மதமில்லை. அவர் கவலை தவறிய புட்டைப் பற்றி. "எதிர்காத்துல தவறுச்சுன்னா கூடைக்கு மேல போயிடும். அப்புறம் திரும்பி எறியறது நீ வெறுக்கிற அதே பின்காத்துல." இது நியாயமான வாதம். ஆனாலும் பின்காற்றில் தவறினால் பெரும்பாலும் கூடைக்கு முன்னாலேயே விழுந்து கிடக்கும் என்று அவர் சொன்னதை முழுதாக ஏற்க முடியவில்லை. விளிம்பில் விழுந்தால் கிடக்காது, ஓடும். அரை மணி நேரத்தில் அதுவும் நடந்தது. அவருடைய புட் தட்டில் இடித்து, விளிம்பு குத்தி எழுந்து, பின்காற்று வாங்கிச் சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்று வேடிக்கை பார்த்தோம். நாற்பது மீட்டர் இருக்கும். நின்றபோது ஒரு முறை தள்ளாடி, இன்னொரு முறை எழுந்து, பிறகுதான் படுத்தது.

"ஒண்ணும் சொல்லாதே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நின்றுவிட்ட டிஸ்க்கை அப்புறம் காற்று நகர்த்தினால் பழைய இடத்துக்கே எடுத்து வைக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது நிற்கவே இல்லை என்றுதான் கணக்கு. நாற்பது மீட்டரும் அவர் தலையில்.

கடைசிக் கூடைக்கு எனக்கு ஒன்பது மீட்டர், பின்காற்று, பின்னால் சரிவு. ஜோன்ஸ் பார்க்கில் ஆடிய இரண்டு சுற்றுகளையும் சேர்த்து அண்ணனைவிட ஒரு எறி முன்னால் இருந்தேன். உள்ளே போட்டால் பர்டி, அந்தக் கூடைக்கு வகுத்த எண்ணிக்கையைவிட ஒரு எறி குறைவு. அவர் ஏற்கெனவே பாரில், அதாவது அந்த எண்ணிக்கையிலேயே, முடித்துவிட்டுக் கைகட்டி நிற்கிறார். சங்கிலிகள் கம்பத்துக்கு வலப்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. காத்திருந்தேன், வீச்சு அடங்கவில்லை. புட்டரைத் தட்டையாகப் பிடித்து, கூடைக்கு இப்பாலேயே மெதுவாகத் தரையில் தள்ளிவிட்டேன். அடுத்த எறியில் கையெட்டும் தூரத்திலிருந்து உள்ளே போட்டேன். பார்.

"ஒன்பது மீட்டர்ல கீழ வெச்சுட்டியே தம்பி!"

"பின்காத்து நம்ம பக்கமா இருந்தா எறிஞ்சிருப்பேன்ணே."

எறிக் கணக்குச் சீட்டில் என் பெயருக்கு நேரே ஒன்று குறைவாக எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன். தொப்பியில்லாமல் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். அடுத்து இலையுதிர் காலத்தில் வரலாம், அப்போது வாடைக்காற்றில் இதே டீக்கள் திசை மாறிவிடும், பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.